நொதித்தலா, பழுதடைதலா? – வீட்டில் வடித்த பியரைச் சோதித்து முடிவுக்கு வருதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
பாடப்பரப்பு: நுண்ணங்கிகளும் அவற்றின் பயன்பாடுகளும்



"மதுவம் நொதித்தலை நிகழ்த்தும்" என்பதை நீங்கள் எல்லோரும் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் பரீட்சையில் அறிவைப் பிரயோகிக்கும்படி ஒரு வினா வந்தால் பலர் தடுமாறுகின்றனர். "இரு போத்தல்களிலும் நுரை காணப்படுகிறது. ஒன்று நன்றாக நொதித்துள்ளது, மற்றையது பழுதடைந்துள்ளது. எதனை எவ்வாறு வேறுபடுத்துவீர்?" என்று கேட்டால் விடை எழுத மனனம் மட்டும் போதாது. அவதானிப்பு எது, அதிலிருந்து பெறும் அனுமானம் எது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

இதற்கு ஏற்ற ஓர் உதாரணம் பியர். இங்கிலாந்திலே 1963 ஆம் ஆண்டில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்றாக்கப்பட்டதன் பின்னர் வீடுகளிற் பியர் வடிப்பது ஒரு பொழுதுபோக்காகப் பரவியது. அவ்வாறு வடிப்போர் அடிக்கடி எதிர்நோக்கும் கேள்வி "இது கெட்டுவிட்டதா?" என்பதாகும். அக்கேள்விக்கு விடை காணும் முறையை விளங்கிக்கொண்டால் கள், வினாகிரி, தயிர், அப்பமா ஆகியவை பற்றிய வினாக்களுக்கும் உங்களால் இலகுவாக விடையளிக்க முடியும்.

கவனத்திற்கு: இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். 21 வயதிற்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. இங்கு பியர் ஒரு விஞ்ஞான உதாரணமாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. பியர் உருவாகும் விதம்

முளைவிடச் செய்து உலர்த்திய வாற்கோதுமை மோல்ற் எனப்படும். இதனை நொருக்கி ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள நீரில் ஊறவிடுவர். முளைவிட்ட தானியத்திலுள்ள அமைலேசு நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசு முதலிய வெல்லங்களாக மாற்றும். வடித்தெடுத்த இனிப்பான சாற்றை ஹொப் எனும் செடியின் பூக்களுடன் சேர்த்துக் கொதிக்க வைப்பர். பின்னர் விரைவாகக் குளிரச்செய்து, தூய மதுவத்தைச் சேர்த்து மூடி வைப்பர். மூடியில் பொருத்தப்படும் சிறு நீர்த்தடையினூடாக உள்ளிருந்து வாயு வெளியேறும். வெளியிலிருந்து வளி உட்புகாது.

உள்ளே நடைபெறுவது மதுவத்தின் காற்றின்றிய சுவாசமாகும்.

குளுக்கோசு → எதனோல் + காபனீரொட்சைட்டு + சக்தி

இரண்டு வாரமளவில் நொதித்தல் முடிவடைந்ததும் சிறிதளவு சீனி சேர்த்துப் போத்தல்களில் அடைப்பர். எஞ்சிய மதுவம் அச்சீனியை நொதிக்கச் செய்வதாற் போத்தலினுள் வாயு கரைந்து நிற்கும்.

இத்தயாரிப்பில் பிற நுண்ணங்கிகளுக்கு எதிராக எத்தனை தடைகள் உள்ளன எனக் கவனியுங்கள்.

(அ) கொதிக்க வைத்தல் – சாற்றிலுள்ள பெரும்பாலான நுண்ணங்கிகள் இறக்கும்.
(ஆ) ஹொப்பிலுள்ள கசப்புப் பதார்த்தங்கள் – பற்றீரியா பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும்.
(இ) எதனோல் – பொதுவாக 5% அளவில் இருக்கும்.
(ஈ) அமிலத்தன்மை – நொதித்தலின் முன் 5.2 அளவிலிருந்த பீ.எச். பெறுமானம் நொதித்த பின் 4.0 – 4.5 வரை குறையும்.
(உ) ஒட்சிசன் இன்மை – காபனீரொட்சைட்டு வளியை வெளியேற்றிவிடும்.

இத்தடைகள் காரணமாக மனிதனுக்கு நோயை ஏற்படுத்தும் பற்றீரியாக்கள் பியரில் வளர்வது மிக அரிது. ஆகவே பழுதடைந்த பியர் பெரும்பாலும் சுவை கெட்டதாக இருக்குமேயன்றி நோயைத் தருவதாக இருக்காது. எனினும் இத்தடைகளைத் தாண்டி வளரக்கூடிய சில நுண்ணங்கிகள் உள்ளன. பழுதை ஏற்படுத்துபவை அவையே.

2. இந்த அறிவு வந்த வழி

1856 ஆம் ஆண்டிலே பிரான்சின் லீல் நகரில் பீற்கிழங்குச் சாற்றிலிருந்து அற்ககோல் தயாரித்த ஒருவரின் தாங்கிகள் சில புளித்துப் போயின. அவர் அங்கு பேராசிரியராக இருந்த லூயி பாஸ்டரின் உதவியை நாடினார். பாஸ்டர் நல்ல தாங்கியிலிருந்தும் புளித்த தாங்கியிலிருந்தும் துளிகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிட்டார். நல்ல சாற்றில் உருண்டையான மதுவக் கலங்கள் காணப்பட்டன. புளித்த சாற்றில் அவற்றைவிட மிகச் சிறிய, கோல் வடிவான உடல்கள் காணப்பட்டன. இலற்றிக் அமிலம் உருவாவதற்குக் காரணமான நுண்ணங்கிகள் பற்றி அவர் 1857 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாறு தொடங்கியதே.

1871 இல் பாஸ்டர் லண்டனிலுள்ள விற்பிரெட் பியர் ஆலைக்குச் சென்று அங்குள்ள மதுவத்தை நுணுக்குக்காட்டியாற் பரிசோதித்து, அதில் வேற்று நுண்ணங்கிகள் கலந்துள்ளதை எடுத்துக்காட்டினார். பியர் பற்றிய அவரது நூல் 1876 இல் வெளிவந்தது. பியரின் "நோய்" ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணங்கி காரணம் என்பதே அதன் சாராம்சமாகும்.

டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் இன்னுமொரு படி முன்னேறினார். பற்றீரியா மட்டுமன்றி வேண்டாத மதுவ இனங்களும் பியரைப் பழுதாக்கும் என அவர் கண்டறிந்தார். தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்து, 1883 இல் அதனை ஆலையிற் பயன்படுத்தச் செய்தார். அமிலத்தன்மையை அளக்க நாம் இன்று பயன்படுத்தும் பீ.எச். அளவுத்திட்டமும் 1909 இல் அதே ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்பவரால் அறிமுகப்படுத்தப்பட்டதாகும்.

3. பயமுறுத்தும் ஆனால் இயல்பான அறிகுறிகள்

புதிதாக வடிப்போர் நல்ல பியரையே கெட்டதெனக் கருதி ஊற்றிவிடுவதுண்டு. பின்வருவன பழுதின் அறிகுறிகள் அல்ல.

• தடித்த நுரையும் கபில நிறப் படிவும் – முதற் சில நாட்களில் வேகமாக வெளியேறும் வாயு, புரதங்களையும் ஹொப் துணிக்கைகளையும் மதுவத்தையும் மேலே தள்ளுகிறது. இந்நுரை பின்னர் தானாக அடங்கும்.

• அடியிற் படியும் வெண்மையான மண்டி – உணவு முடிந்ததும் மதுவக் கலங்கள் ஒன்றுசேர்ந்து அடியிற் படிகின்றன.

• கலங்கல் – மதுவம் இன்னும் படிந்து முடியவில்லை என்பதைக் காட்டலாம்.

• அவித்த முட்டை மணம் – சில மதுவ இனங்கள் நொதித்தலின்போது சிறிதளவு ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். வெளியேறும் காபனீரொட்சைட்டுடன் இது பெரும்பாலும் நீங்கிவிடும்.

• குமிழ்கள் வராமை – நொதித்தல் முடிந்திருக்கலாம். அல்லது மூடி இறுக்கமில்லாமல் வாயு வேறு வழியாக வெளியேறலாம்.

இறுதியாகக் கூறிய விடயத்தில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. நீரமானியைப் பயன்படுத்த வேண்டும். வெல்லம் கரைந்த சாறு நீரிலும் அடர்த்தி கூடியது. வெல்லம் அற்ககோலாக மாற மாற அடர்த்தி குறையும். சாரடர்த்தி தொடக்கத்தில் 1.050 ஆகவும் முடிவில் 1.010 ஆகவும் இருந்தால், அற்ககோலின் கனவளவுச் சதவீதத்தை அண்ணளவாகப் பின்வருமாறு கணிக்கலாம்.

(1.050 – 1.010) × 131 = 0.040 × 131 = 5.24, அதாவது ஏறத்தாழ 5.2%

சில நாள் இடைவெளியில் எடுத்த இரு வாசிப்புகள் சமமாயின் நொதித்தல் முடிவடைந்துள்ளது எனலாம். வாசிப்பு எடுக்குமுன் மாதிரியை நன்கு கலக்கி வாயுவை நீக்க வேண்டும். இல்லாவிடின் குமிழ்கள் நீரமானியில் ஒட்டி அதனை மேலே உயர்த்துவதால் வாசிப்பு உண்மையிலும் கூடுதலாகக் காட்டும். இது செயன்முறை வினாக்களில் எதிர்பார்க்கக்கூடிய ஒரு விடயமாகும்.

4. பழுதடைந்ததைக் காட்டும் அறிகுறிகள்

(1) வினாகிரி மணம்
காரணம்: அசற்றிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியா.
எதனோல் + ஒட்சிசன் → அசற்றிக் அமிலம் + நீர்
இப்பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் அவசியம். ஆகவே வினாகிரி மணம் வீசினால் "வளி எவ்வழியாகப் புகுந்தது?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

(2) வினாகிரி மணமற்ற புளிப்பு, கலங்கல்
காரணம்: இலற்றிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியா. இவை ஒட்சிசன் இன்றியும் வளரும். பீ.எச். பெறுமானம் வழமையிலும் குறையும். கழுவித் தொற்றுநீக்காத பாத்திரம், குழாய் என்பனவே பெரும்பாலும் காரணமாகும்.

(3) நூல்போல் இழுபடும் வழுவழுப்பு
காரணம்: சில பற்றீரியாக்கள் தம்மைச் சூழச் சுரக்கும் பல்சக்கரைட்டு. ஊற்றும்போது எண்ணெய்போல் வழியும்.

(4) மேற்பரப்பிற் சுருக்கமுள்ள மெல்லிய வெண்படலம்
காரணம்: வளியுள்ள இடத்தில் வளரும் காட்டு மதுவமும் பற்றீரியாவும். தொடக்க நாட்களின் நுரை தானாக அடங்கும். இப்படலமோ நாட்செல்லச் செல்லப் பரவும். ஆகவே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல் சில நாட்கள் கழித்து மீண்டும் அவதானிக்க வேண்டும்.

(5) பஞ்சுபோன்ற பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சணம்
காரணம்: பங்கசு. பங்கசுகள் சில நச்சுப் பதார்த்தங்களை உண்டாக்குவதாலும், அவை திரவத்தினுட் பரவியிருப்பதைக் கண்ணாற் காண முடியாததாலும், பூஞ்சணத்தை அகற்றிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்துதல் கூடாது. முழுவதையும் அகற்ற வேண்டும்.

(6) திறந்ததும் பீறிடல், போத்தற் கழுத்தின் உட்புறத்தில் வளையம்
காரணம்: சாதாரண மதுவத்தால் நொதிக்கச் செய்ய முடியாத வெல்லங்களையும் பயன்படுத்தும் காட்டு மதுவம். சாரடர்த்தி எதிர்பார்த்ததிலும் குறைந்திருக்கும். வாயு அமுக்கம் கூடுவதாற் போத்தல் வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் சிதறக்கூடும். அடைக்கும்போது சீனி கூடிவிட்டாலும், நொதித்தல் முடியுமுன் அடைத்தாலும் இதே ஆபத்து ஏற்படும். எனவே பீறிடலை மட்டும் கொண்டு தொற்று என முடிவு செய்யக் கூடாது.

5. நுண்ணங்கியின்றி ஏற்படும் கேடு

மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் பகுதி இதுவாகும். சுவை கெட்டால் உடனே பற்றீரியா எனக் கூறிவிடுகின்றனர். பின்வருவன இரசாயன மாற்றங்களாகும்.

• ஈரமான கடதாசி மட்டை மணம் – ஒட்சியேற்றத்தால் ஏற்படுவது. போத்தலினுள் எஞ்சிய வளியும் உயர்ந்த வெப்பநிலையும் இதனைத் துரிதப்படுத்தும்.

• ஒளிபட்ட பியரின் துர்நாற்றம் – ஹொப்பின் கசப்புப் பதார்த்தங்கள் ஒளியினாற் சிதைந்து கந்தகம் கொண்ட சேர்வையை உண்டாக்குகின்றன. பியர் பெரும்பாலும் கபில நிறப் போத்தல்களில் அடைக்கப்படுவதற்கு இது ஒரு காரணமாகும்.

• மருந்து மணம் – குளோரீன் சேர்த்த குழாய்நீரிலிருந்தோ குளோரீன் கொண்ட தொற்றுநீக்கியிலிருந்தோ வரலாம். காட்டு மதுவத்தாலும் இதையொத்த மணம் வரக்கூடும். ஆகவே பீ.எச்., சாரடர்த்தி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

6. "பழுது" என்பதன் பொருள்

பெல்ஜியத்தின் பிறசெல்ஸ் நகரை அண்டிய பகுதியில் லம்பிக் எனும் பியர் தயாரிக்கப்படுகிறது. அங்கு சாற்றை அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, சுற்றாடலிலுள்ள காட்டு மதுவமும் பற்றீரியாவும் வந்து சேர விடுகின்றனர். இங்கிலாந்தில் ஒருவர் பழுதென ஊற்றிவிடும் புளிப்பே அங்கு விரும்பப்படுகிறது.

நமது நாட்டு உதாரணத்தையும் நோக்குங்கள். பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவி எடுக்கும் சாறு, முட்டியிலும் வளியிலுமுள்ள இயற்கை மதுவத்தினால் சில மணித்தியாலங்களிற் கள்ளாகிறது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் கார ஊடகத்தில் மதுவம் வளர முடியாமையால் இனிப்பான கருப்பநீர் கிடைக்கிறது. கள்ளை மேலும் வளிபட விட்டால் வினாகிரியாகிறது. கள் விற்பவருக்கு அது பழுது. வினாகிரி செய்பவருக்கு அதுவே விளைபொருள். பாலிலும் இவ்வாறே. இலற்றிக் அமிலப் பற்றீரியா தேநீருக்கு வைத்த பாலைத் திரிக்கச் செய்தால் பழுது. உறையிட்ட பாலில் வளர்ந்தால் தயிர். அப்பமாவைப் பொங்கச் செய்வதும் புளிக்கச் செய்வதும் இதேபோன்ற நுண்ணங்கிகளே. ஒரு நேர அளவிற்குப் பின் அதே மாவை நாம் "புளித்துப் போயிற்று" என்கிறோம்.

எனவே வரைவிலக்கணம் கேட்கப்பட்டால் பின்வருமாறு எழுதலாம்: விரும்பத்தகாத நுண்ணங்கிகளின் தொழிற்பாட்டினாலோ இரசாயன மாற்றங்களினாலோ உணவின் நிறம், மணம், சுவை, இழையமைப்பு என்பன பயன்பாட்டிற்குப் பொருந்தாதவாறு மாறுதல் பழுதடைதல் எனப்படும்.

7. புலன்களால் அறிய முடியாத ஆபத்து

மேற்கூறிய அறிகுறிகளைக் கற்ற ஒருவர் "மணந்து பார்த்தால் எதனையும் கண்டுபிடிக்கலாம்" என எண்ணிவிடக் கூடாது. மெதனோல் எனும் அற்ககோல், மணத்திலும் தோற்றத்திலும் எதனோலை ஒத்தது. உடலினுள் அது போமிக் அமிலமாக மாற்றப்பட்டுப் பார்வை நரம்பைப் பாதிக்கிறது. பார்வையிழப்பும் மரணமும் ஏற்படலாம். தானியத்தை நொதிக்கச் செய்து பெறும் பியரில் மெதனோல் மிகச் சிறிதளவே உண்டு. ஆனால் சட்டவிரோதமாக வடிக்கப்படும் கசிப்பு போன்றவற்றில் தொழிற்சாலை மெதனோல் கலக்கப்பட்டால் உயிராபத்து ஏற்படும். அருந்தியவுடன் பாரதூரமான அறிகுறிகள் தென்படாமல் பல மணித்தியாலங்களின் பின்னரே பார்வை மங்குதல், வாந்தி, வயிற்றுவலி முதலியன தோன்றலாம். அவ்வாறான ஒருவரை உறங்க விடாது உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உங்கள் ஊரில் இவ்வாறு நிகழுமாயின் இந்த ஒரு பந்தி ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

8. மாதிரி வினா

ஒரே தாங்கியில் நொதித்த பியரின் தொடக்கச் சாரடர்த்தி 1.048 ஆகும். 10 ஆம், 13 ஆம் நாட்களில் வாசிப்பு 1.010 ஆக இருந்தது. சம அளவு சீனி சேர்த்து நான்கு போத்தல்களில் அடைக்கப்பட்டு 6 வாரங்களின் பின் பரிசோதிக்கப்பட்டது.

போத்தல் அ: தெளிவானது, அடியில் மெல்லிய மண்டி, பீ.எச். 4.2, சாரடர்த்தி 1.010
போத்தல் ஆ: நிறமற்ற கண்ணாடி, வெயில் படும் யன்னலருகே வைக்கப்பட்டது, தெளிவானது, துர்நாற்றம் உண்டு, பீ.எச். 4.2, சாரடர்த்தி 1.010
போத்தல் இ: மூடி இறுக்கமில்லை, மேற்பரப்பில் வெண்படலம், பீ.எச். 3.2, வினாகிரி மணம்
போத்தல் ஈ: திறந்ததும் பீறிட்டது; கழுத்தில் வளையம்; பீ.எச். 4.1, சாரடர்த்தி 1.002

(i) அடைக்கும்போது அற்ககோலின் சதவீதம் யாது?
(ii) நொதித்தல் முடிந்த பின்னரே அடைக்கப்பட்டது என்பதற்குச் சான்று யாது?
(iii) அடியிலுள்ள மண்டி, போத்தல் அ பழுதடைந்ததைக் காட்டுகிறதா?
(iv) போத்தல் ஆ இல் நிகழ்ந்தது நுண்ணங்கித் தொழிற்பாடு அன்று எனக் கருதுவதற்கு இரு காரணங்கள் தருக.
(v) போத்தல் இ இல் நிகழ்ந்த தாக்கத்தைச் சொற்சமன்பாட்டினால் தருக.
(vi) போத்தல் ஈ இல் தொற்று தாங்கியில் ஏற்பட்டதா, போத்தலில் ஏற்பட்டதா? விளக்குக.

விடைகள்

(i) (1.048 – 1.010) × 131 = 4.978, ஏறத்தாழ 5.0%
(ii) மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு வாசிப்புகளும் சமமாக இருந்தமை.
(iii) இல்லை. அது படிந்த மதுவமாகும். பீ.எச்., சாரடர்த்தி ஆகியன வழமையானவை.
(iv) பீ.எச். பெறுமானமும் சாரடர்த்தியும் போத்தல் அ இனதைப் போன்று மாறாதிருத்தல். திரவம் தெளிவாக இருத்தல். (ஒளியினால் ஏற்பட்ட இரசாயன மாற்றம்.)
(v) எதனோல் + ஒட்சிசன் → அசற்றிக் அமிலம் + நீர்
(vi) போத்தலில். தாங்கியில் ஏற்பட்டிருப்பின் நான்கு போத்தல்களிலும் இதே மாற்றம் தென்பட்டிருக்கும். போத்தல் அ, ஆ ஆகியவற்றின் சாரடர்த்தி குறையவில்லை. எனவே போத்தல் ஈ சரியாகத் தொற்றுநீக்கப்படவில்லை என அனுமானிக்கலாம்.

பகுதி (vi) இல் "காட்டு மதுவம் புகுந்தது" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. ஏனைய போத்தல்களுடன் ஒப்பிட்டுக் காரணம் காட்ட வேண்டும். போத்தல் அ இங்கு கட்டுப்பாட்டுப் பரிசோதனையின் இடத்தை வகிக்கிறது.

ஞாபகத்திற் கொள்க

1. நுரை, மண்டி, கலங்கல் என்பன தனியே பழுதின் சான்றுகள் அல்ல.
2. மணம், தோற்றம் ஆகியவற்றுடன் பீ.எச்., சாரடர்த்தி ஆகிய அளவீடுகளையும் பெற்று முடிவு செய்க.
3. வினாகிரிப் புளிப்பிற்கு ஒட்சிசன் தேவை. இலற்றிக் அமிலப் புளிப்பிற்குத் தேவையில்லை.
4. ஒட்சியேற்றமும் ஒளியும் நுண்ணங்கியின்றியே கேட்டை விளைவிக்கும்.
5. பூஞ்சணம் பிடித்ததை முழுமையாக அகற்றுக.
6. மெதனோலை மணத்தாலோ சுவையாலோ கண்டறிய முடியாது.
7. ஆய்வுகூடத்திலோ வீட்டிலோ பரிசோதனைக்கு வைத்த எந்தத் திரவத்தையும் சுவைத்துப் பார்க்காதீர்கள்.